‘வென்ட்’ என்று திருத்தினேன், அப்புறம் அவர் வகுப்புக்கு வரவே இல்லை

திருப்பூரிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர். ஆறு வருடம் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு, எட்டு மாதமாக ஒரு தனியார் மையத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறார். திங்கள் முதல் சனி வரை, இரவு 7.30 முதல் 9 மணி வரை வகுப்பு. ‘45 நாளில் சரளமாகப் பேசலாம், உத்தரவாதம்’ என்று மையம் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருக்கிறது. அதில் இவருடைய படமும் இருக்கிறது. வகுப்பில் 23 பேர். பனியன் கம்பெனிகளில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாக இருப்பவர்கள், துணியில் குறை பார்க்கும் ஒரு செக்கிங் பையன், வெளிநாடு போக நினைக்கும் நர்ஸ், இல்லத்தரசிகள், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் இரண்டு இளைஞர்கள், 52 வயதில் ஒரு நிட்டிங் யூனிட் முதலாளி. கடைசியாகச் சொன்னவரிடம்தான் அந்தச் செக்கிங் பையன் வேலை செய்கிறான்.

மூன்றாவது வாரம், “நேற்று என்ன செய்தீர்கள்?” என்று ஒவ்வொருவராகச் சொல்லவைத்திருக்கிறார். முதலாளி எழுந்து, “யெஸ்டர்டே ஐ கோ சென்னை” என்றிருக்கிறார். இவர் இடைமறித்து, “வென்ட்! வென்ட்! எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாச்சு?” என்று கேட்க, பின் பெஞ்சில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் இரண்டு வாரமாக வரவில்லை. அதோடு, வகுப்பில் தமிழ் பேசினால் 10 ரூபாய் அபராதம் என்பது மையத்தின் விதி. அதனால் பலர் வாயே திறப்பதில்லை. ஓர் அம்மாவிடம் தாளைக் கொடுத்தால் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாராம். பாதிப் பேர் ஒழுங்காக வருவதில்லை. சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“நாற்பது வயதுக்கு மேல் மொழி ஏறாது என்று சொல்வது உண்மைதானா? குழந்தைகளுக்கு நன்றாகத்தானே சொல்லிக்கொடுத்தேன்? இந்த வேலையை விட்டுவிடலாமா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளின் வரிசையில் போகாமல், எனக்கு முக்கியமாகப் பட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஒரு வாக்கியம்

“யெஸ்டர்டே ஐ கோ சென்னை.” இதைக் கேட்ட யாருக்காவது அவர் எப்போது போனார் என்ற குழப்பம் வந்திருக்குமா? ‘யெஸ்டர்டே’ என்ற சொல்லே அதைச் சொல்லிவிட்டது. அவருக்கு இறந்தகாலம் புரியவில்லை என்றும் சொல்ல முடியாது. ஐம்பது வருடமாகப் ‘போறேன்’, ‘போனேன்’ என்று பிசகில்லாமல் பேசிவருகிறவர். அந்த நொடியில் அவர் எத்தனையைச் சுமந்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். சொல்ல வந்த விஷயம், அதற்கான சொல், அந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே வரவேண்டும் என்ற யோசனை, உச்சரிப்பு, தன்னையே பார்க்கும் இருபது பேரின் கண்கள். இதில் ஒன்று கை நழுவியது, அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகளிடம் உங்கள் முறை பலித்தது என்பதை நம்புகிறேன். பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழிலும் வீட்டில் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. ஆங்கிலத்தில் தடுமாறினாலும் அது இழப்பதற்கு அதிகமில்லை. இவர் பலருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். நூல்காரரிடமும் பேங்க் மேனேஜரிடமும் தமிழில் பேசிக் காரியம் முடிக்கிறவர். ஆங்கிலத்தில் வாய் திறந்த உடனே நாலு வயசுப் பிள்ளையாகிவிடுகிறார். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் மற்ற எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கருத்து. தமிழில் இருக்கிற அந்த ஆளுக்கும் ஆங்கிலத்தில் இருக்கிற இந்த ஆளுக்கும் நடுவே உள்ள தூரத்தை, தன்னிடம் வேலை பார்க்கும் பையன் கண்ணெதிரே அவர் தினமும் கடக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொடுப்பதுதான் நம் வேலை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், என் மாலை வகுப்பில் ஒரு பஸ் கண்டக்டர் படித்தார். அவர் எழுதிவந்த லீவ் லெட்டரை போர்டில் எழுதிப்போட்டு, “இதில் என்னென்ன தப்பு?” என்று வகுப்பைக் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் லெட்டரில் ‘டிப்போ’ என்ற சொல் இருந்தது, யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் வரும் பஸ்ஸில் தற்செயலாக ஏறினேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், மீதிச் சில்லறை கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் அது என் மனதில் அப்படியே இருக்கிறது.

சரி, அப்படியானால் தப்பைத் திருத்தவே வேண்டாமா? வேண்டும். திருத்தாவிட்டால் அவர்களே கோபப்படுவார்கள், காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். எதை, எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகாதீர்கள். கையில் சின்ன நோட்டு வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஐந்து வாக்கியங்களைப் போர்டில் எழுதி எல்லோரையும் சரிசெய்யச் சொல்லுங்கள். ஊர், பொருள், எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றி எழுதுங்கள், என் ‘டிப்போ’ மாதிரி ஆகிவிடக் கூடாது. வாக்கியத்தில் ஒன்றிரண்டு சரியானதாகவும் இருக்கட்டும்.

பேச்சின் நடுவிலேயே திருத்த இன்னொரு வழி உண்டு. “ஓ, யூ வென்ட் டு சென்னை? பை ட்ரெயின்?” என்று கேட்பவராகவே சரியான சொல்லைத் திருப்பிச் சொல்வது. யாருக்கும் வலிக்காது. ஆனால் தன்னைத் திருத்துகிறார் என்பதையே பல பேர் கவனிக்க மாட்டார்கள். பேச்சு தொடர்கிறது என்று நினைத்து “யெஸ், ட்ரெயின்” என்று போய்விடுவார்கள். அதனால் ‘வென்ட்’டைக் கொஞ்சம் அழுத்தி, ஒரு நொடி நிறுத்துங்கள். அவராகவே “வென்ட், வென்ட்” என்று முணுமுணுப்பார்.

உடனே நிறுத்தித் திருத்த வேண்டியவையும் உண்டு. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் உங்கள் மாணவர்கள் வாயில் ஒன்றாக ஒலித்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். துணி வாங்கும் பையர் பதினைந்தாயிரம் பீஸை ஐம்பதாயிரம் என்று காதில் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொருள் மாறுகிற தப்பு முதலில், காதுக்கு மட்டும் உறுத்துகிற தப்பு பிறகு.

‘இனி ஏறாது’ என்பது எவ்வளவு உண்மை

இதில் உங்கள் எண்ணத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். 1970-களில் நெதர்லாந்தில், ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் டச்சு மொழியைக் கற்றுக்கொண்டதைப் பல மாதம் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 1978-இல் வெளிவந்தது. மூன்று வயதிலிருந்து பெரியவர்கள் வரை அதில் இருந்தார்கள். முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பதின்ம வயதினரும் பெரியவர்களும்தான். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள் கடைசியில் நின்றார்கள். பெரியவர்களுக்கு ஒரு மொழி எப்படி இயங்குகிறது என்பது ஏற்கெனவே தெரியும், விதியைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் சுமார் 6.7 லட்சம் பேரின் பதில்களை வைத்து வந்த இன்னோர் ஆய்வு, இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் ஏறக்குறைய 17 வயது வரை குறையாமல் இருந்து, பிறகு சரிகிறது என்று சொன்னது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்களைப் போலவே ஆவது பற்றிய கணக்கு அது. உச்சரிப்பிலும் நம் ஊர் வாடை இருக்கத்தான் செய்யும். உங்கள் யூனிட்காரருக்கு அது தேவையா? பையர் ஃபோன் செய்தால் மகனைத் தேடாமல் தானே பேச வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. அதற்கு 52 தாமதமான வயது கிடையாது.

அடுத்து, தாளையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அம்மா. அவருக்குப் புரியவில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஒரு நாள் அதே பாடத்தைப் பெரிய எழுத்தில் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய பலருக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். நாள் முழுக்க உழைத்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு, ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில், ஜெராக்ஸ் போட்டுப் போட்டு மங்கிய பொடி எழுத்தை யாரால் படிக்க முடியும்? கண்ணாடியை வகுப்பில் போடக் கூச்சப்பட்டு பையிலேயே வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காதும் அப்படித்தான். தறிக்கும் நிட்டிங் மெஷினுக்கும் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு, முதலில் குறைவது கீச்சென்ற உயர் ஒலிகளைக் கேட்கும் திறன். ஆங்கிலத்தில் ‘ஸ்’, ‘ஃப்’, ‘த்’ போன்ற ஒலிகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. சொல்லின் கடைசியில் வரும் பன்மை ‘ஸ்’ அவர்கள் காதில் விழாமலேயே போகலாம். செல்ஃபோன் ஸ்பீக்கரில் ஆடியோ போட்டுவிட்டு “கேட்டுச் சொல்லுங்கள்” என்றால், அது ஆங்கிலத் தேர்வாக இருக்காது, காது பரிசோதனையாகத்தான் இருக்கும். அவர்களை முன்னால் உட்கார வையுங்கள். உங்கள் வாய் தெரியும்படி நின்று பேசுங்கள்.

அந்த அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிந்தும் படிக்கவில்லை என்றால், ஐந்தாம் வகுப்போடு நின்றவராக இருக்கலாம். தமிழ் எழுத்தே அவருக்குத் தயக்கமாக இருக்கலாம். அதை எல்லோர் முன்னிலும் கண்டுபிடிக்காதீர்கள். யாரையும் எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்லும் பழக்கத்தை இந்த வகுப்பில் அறவே விட்டுவிடுங்கள். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, “அக்கா, எதுவரைக்கும் படிச்சீங்க?” என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்லிவிடுவார்.

தமிழுக்குப் பத்து ரூபாய்

இந்த அபராதத்தை நிறுத்தச் சொல்லி மைய உரிமையாளரிடம் பேசுங்கள். முடியாது என்றால், வசூலிக்காமல் விடுங்கள். ‘தமிழ் பேசினால்தானே அபராதம், பேசாமலே இருந்துவிடுவோம்’ என்று உங்கள் மாணவர்கள் முடிவெடுத்ததில் என்ன தவறு? தமிழ் அவர்களிடம் ஏற்கெனவே முழுசாக இருக்கிற முதல். அதில் நின்றுகொண்டுதான் அடுத்ததை எட்ட முடியும்.

ஓர் உதாரணம். ‘எ’, ‘த’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன் எப்போது எதைப் போடுவது என்பது தமிழர்களுக்குத் தீராத தலைவலி, தமிழில் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடுகிறோம். போர்டில் இந்த இரண்டை எழுதுங்கள்: ‘சட்டை வாங்கினேன்’, ‘சட்டையை வாங்கினேன்’. என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். முதலாவதில் ஏதோ ஒரு சட்டை. இரண்டாவதில் முன்பே பேசிவைத்த அந்தச் சட்டை. படிக்காதவர்கூடச் சரியாகச் சொல்வார். இப்போது எழுதுங்கள்: ‘ஐ பாட் எ ஷர்ட்’, ‘ஐ பாட் த ஷர்ட்’. ஒரு ‘ஐ’ உருபில் அவர்கள் இத்தனை நாளும் செய்துவந்ததைத்தான் ஆங்கிலம் வேறு இடத்தில் செய்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்று ஆட்களுக்குப் பெரும்பாலும் ‘ஐ’ போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கதவு திறந்துவிடும். முப்பது விதிகளை எழுதிப்போட்டு நான் சாதிக்காததை இந்த இரண்டு சட்டைகள் சாதித்திருக்கின்றன.

வாக்கிய வரிசையும் அப்படியே. தமிழில் ஒட்டு பின்னால் வரும், ஆங்கிலத்தில் முன்னால் வரும். ‘டையிங்கிலிருந்து’, அதாவது சாயப்பட்டறையிலிருந்து, என்பதில் ‘இருந்து’ கடைசியில். ‘ஃப்ரம் டையிங்’ என்பதில் ‘ஃப்ரம்’ முதலில். ‘மேஜை மேல்’, ‘ஆன் த டேபிள்’. ‘துணி டையிங்கிலிருந்து வந்தது’ என்ற வாக்கியத்தை ஆளுக்கொரு சொல்லாக அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்துக்கு இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். கடைசியில் நிற்கும் வினைச்சொல்காரர் எழுவாய்க்குப் பக்கத்தில் ஓடிவந்து நிற்பார். உடம்பு ஒருமுறை நகர்ந்தால் அது மறக்காது.

உச்சரிப்பில் தமிழ் எங்கே இடறுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் இங்கே ‘பேக்’ என்று எழுதினால் அது பொட்டலம் கட்டுவதா, முதுகா என்று உங்களுக்கே தெரியாது. தமிழ் எழுத்து அதைப் பிரிப்பதில்லை. சொல்லின் முதலில் வந்தால் ஓர் ஒலி, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் வேறொன்று என்று இடத்தைப் பொறுத்து நாமே மாற்றிக்கொள்கிறோம். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் இரண்டாவது ‘ப’வும் ஒன்றா? அந்த இரண்டாவது ‘ப’ உங்கள் எல்லோருக்கும் வரும், அதைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லுங்கள். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். வராத ஒலியை வரவழைப்பதைவிட, இருக்கிற ஒலியை இடம் மாற்றுவது எளிது.

அதற்காக ஒன்றரை மணி நேரமும் தமிழிலேயே ஓடிவிடவும் கூடாது. 20 நிமிடம் ‘முழு ஆங்கிலம்’ என்று கடிகாரத்தைப் பார்த்து அறிவியுங்கள். அந்த நேரத்தில் நீங்களும் தமிழ் பேசாதீர்கள். முடியும் நேரம் தெரிந்தால் யாரும் தாக்குப்பிடிப்பார்கள்.

ஒடிசா இளைஞர்கள் இருவரையும் பாரமாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களுக்குக் கிடைத்த வரம் என்பேன். மற்ற 21 பேரும் ஒருவரோடு ஒருவர் ஆங்கிலத்தில் பேசுவது நடிப்பு, தமிழிலேயே முடிகிற பேச்சு அது. இவர்களோடு பேசும்போதுதான் ஆங்கிலம் நிஜமாகவே தேவைப்படுகிறது. ஊரில் என்ன பயிர், அம்மா என்ன சமைப்பார், ரயிலில் எத்தனை மணி நேரம் என்று கேட்டுவந்து சொல்லும் வேலையைக் கொடுங்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். தமிழில் விளக்கும் நேரத்தில் மட்டும் அவர்களுக்குப் படமோ, சைகையோ, எளிய ஆங்கிலத்தில் ஒரு வரியோ தயாராக இருக்கட்டும்.

ஒரே பாடம், மூன்று வேலை

23 பேரும் 23 படியில் நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் தனித்தனிப் பாடம் தயாரித்தால் நீங்கள் படுத்துவிடுவீர்கள். பாடம் ஒன்றாக இருக்கட்டும், வேலை மூன்றாக இருக்கட்டும். பையர் அனுப்பியதுபோல ஆறு வரி மெயில் ஒன்றை நீங்களே எழுதுங்கள். சாம்பிள் தாமதம், புதுத் தேதி, நிறம், எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கட்டும். தொடக்க நிலையில் உள்ளவர்கள் தேதிகளையும் எண்களையும் மட்டும் கண்டுபிடித்துச் சொல்வார்கள். நடுவில் இருப்பவர்கள் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். மெர்ச்சண்டைசிங் ஆட்கள் அதற்குப் ஃபோனில் பதில் சொல்வதுபோல் பேசுவார்கள். கடைசியில் மூன்று நிலையினரும் கலந்த குழுக்களில் உட்கார்ந்தால், எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்த அக்காவிடம்தான் ஃபோன் பேசுகிறவர் கேட்டாக வேண்டும்.

நோட்ஸ் கேட்கிறார்கள், கிராமர் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொடுங்கள். அவர்களுக்குத் தெரிந்த படிப்பு அதுதான், நோட்டில் எழுதினால்தான் இன்று ஏதோ படித்ததாகத் தூக்கம் வரும். பேசிப் பழகிய பிறகு, கடைசியில், அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் கொடுங்கள்.

வராதவர்கள் விஷயத்தில் நான் அதிகம் சொல்ல மாட்டேன். ஷிப்மென்ட் நெருங்கினால் ஓவர்டைம் இருக்கும், மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும், சனிக்கிழமை சம்பள நாள், கடைக்குப் போக வேண்டும். அவர்கள் வாழ்க்கையில் உங்கள் வகுப்பு ஏழாவது, எட்டாவது இடத்தில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்க அறிவொளி இயக்கம் நடந்தபோது, உழைத்துக் களைத்து வந்தவர்களின் தெருவுக்கே, அவர்களுக்குத் தோதான நேரத்தில் தொண்டர்கள் போனார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள், நாளைக்கே உதவுகிற ஒன்று கையில் கிடைத்ததால் நிலைத்தார்கள். நேற்று வராதவருக்கும் இன்று புரிகிற மாதிரி ஒவ்வொரு வகுப்பையும் தனியாக முடியுங்கள். அன்றைய மூன்று வாக்கியங்களை ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாக வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். “ஏன் வரல?” என்பதோடு வகுப்பைத் தொடங்காதீர்கள். வந்திருப்பவர்கள்தான் அந்தத் திட்டையும் கேட்கிறார்கள்.

அந்த நோட்டீஸும் உங்கள் படமும்

இதில்தான் உங்களுக்கு நிஜமான ஆபத்து இருக்கிறது. கணக்குப் போடுவோம். 45 வகுப்பு, தலா ஒன்றரை மணி நேரம் என்றால் 67.5 மணி நேரம். ஐரோப்பாவில் 2001-இல் வகுத்த மொழித் தர அளவுகோலில் ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளை நடத்துபவர்கள் தரும் கணக்குப்படி, அடியிலிருந்து தொடங்குபவர் இரண்டாவது படியான ஏ2-ஐ எட்ட 180 முதல் 200 மணி நேர வகுப்பு தேவை. பி1-க்கு 350 முதல் 400. சரளம் என்று நாம் பொதுவாகச் சொல்கிற பி2-க்கு 500 முதல் 600 மணி நேரம். உங்கள் மாணவர்கள் பள்ளியில் ஏதோ படித்தவர்கள், முழு சூனியத்திலிருந்து தொடங்கவில்லை, அதைக் கழித்துக்கொண்டாலும் 67 மணி நேரத்தில் சரளம் வராது. ஆக, உங்கள் திறமைக் குறைவால் அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. யாராலும் நிறைவேற்ற முடியாத ஒரு வாக்குறுதியின் மேல் உங்கள் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரங்களைப் பற்றிப் பேசுகிறது. பணம் கட்டியவர் புகார் செய்ய முடியும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. முதல் பொறுப்பு விளம்பரம் செய்த மையத்துக்குத்தான். ஆனால் விளம்பரத்தில் தோன்றி உறுதியளிப்பவர்களையும் அந்தச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர், உங்களுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் துறை இல்லை. அதுவரை செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘உத்தரவாதம் என்ற சொல்லையும் என் படத்தையும் எடுத்துவிடுங்கள்’ என்று உரிமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் என்றாலும் பரவாயில்லை, வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள்.

அதோடு, உங்கள் வகுப்பில் நீங்களே ஒரு நிஜமான வாக்குறுதியைக் கொடுங்கள். 45 நாளில் தன்னையும் தன் வேலையையும் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம், ஃபோனில் தேதியும் எண்ணும் பிழையில்லாமல் வாங்கலாம், புரியாதபோது கூச்சமில்லாமல் திருப்பிக் கேட்கலாம். இதை எழுதிச் சுவரில் ஒட்டினால், அவர்களாலேயே டிக் செய்து பார்க்க முடியும். அந்த நர்ஸிடமும் தனியாகப் பேசிவிடுங்கள். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தத்தில் 7 வேண்டும், எழுத்தில் மட்டும் 6.5 போதும், அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி என்ற தேர்வை எழுத வேண்டும். உங்கள் வகுப்பு அதற்கானது இல்லை. பணமும் வருடமும் போன பிறகு அவருக்கு அது தெரியக் கூடாது.

வேலையை விடுவதா? இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நோட்டீஸ் விஷயத்தில் உரிமையாளர் இறங்கிவராவிட்டால், இந்த பேட்ச் முடிந்ததும் விலகுங்கள். நடுவில் விட்டால் மாணவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். வீட்டிலேயே எட்டுப் பத்துப் பேரோடு தனியாக ஆரம்பிக்கலாம், சுதந்திரம் இருக்கும், முதல் ஆறு மாதம் வருமானம் நிச்சயமில்லை. வீட்டு வாடகையில் உங்கள் சம்பளத்துக்கும் பங்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் கணக்கில் வைத்தே முடிவெடுங்கள்.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த யூனிட்காரருக்கு ஃபோன் செய்யுங்கள். குழுவில் மெசேஜ் வேண்டாம், அந்தப் பையனிடம் சொல்லியனுப்பவே வேண்டாம். ஆங்கிலத்தில் பேசாதீர்கள். “அண்ணா, இங்கிலீஷ் டீச்சர் பேசறனுங்க. அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி உங்களை அப்படி நிறுத்தியிருக்கக் கூடாதுங்க. தப்பு என்னோடதுங்க. நீங்க மறுபடி வரோணும்” என்று சொன்னால் போதும். அவர் “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வேலை ஜாஸ்தி” என்பார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே விளக்கம் கேட்காதீர்கள்.

அவர் வந்தால், அந்தப் பையனை வேறு குழுவில் போடுங்கள். அந்த வாரமே, நூல் துணியாகிறவரை என்னென்ன நடக்கிறது என்று அவரை எட்டு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட் என்ன, துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். நோட்டு கையில் இருக்கட்டும், அவர் முடிக்கிறவரை அதைத் திறக்க வேண்டாம்.

ஃபோனைக் காலையில் செய்யுங்கள், யூனிட்டில் மெஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால். அப்புறம் செய்தால் சத்தத்தில் அவருக்குக் கேட்காது.